கப்பல் வைஃபை பெக்கேஜ்: "1 டிவைஸ்"னா ஒரே போனா, ஒரு நேரத்துக்கு ஒரு போனா?

ஹட்டன் மழை எழுதியது:

வணக்கம். டிசம்பர் லீவுல சிங்கப்பூர்ல கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் ரெண்டையும் பார்த்துட்டு சிங்கப்பூருக்கே திரும்புற 4 இரவுப் பயணம். ரெண்டு கெபின், ஆறு பேர்: நானும் மனைவியும், பிள்ளைங்க ரெண்டு பேர், அப்பா, அம்மா. 4 ஸ்மார்ட்போன், ஒரு டேப், ஒரு விண்டோஸ் லெப்டொப் கொண்டு போறோம்.

இன்டர்நெட் பெக்கேஜ் 1 டிவைஸ், 2 டிவைஸ், 4 டிவைஸ்னு தனித்தனியா இருக்கு. எல்லாம் டொலர்ல, நாள் கணக்குல. ஆறு சாமானுக்கும் எடுத்தா டிக்கெட் காசுல ஒரு பங்கு அதுக்கே போயிடும். நமக்கு அவசியமானது இவ்வளவுதான்:

மகளுக்கு ஒரு நாள் இலங்கை நேரம் மாலை 6.30க்கு ஸூம் வகுப்பு. ஓ/எல் பரீட்சை வருஷம், விட முடியாது.
கடை நம்பருக்கு வட்ஸ்அப்ல வர்ற ஓடரைப் பார்த்துப் பதில் போடணும்.
அம்மா தினமும் தோட்டத்துல இருக்கிற சித்தியோட வீடியோ கோல் பேசணும்.
பேங்க் கார்டுக்கு ஓடீபீ வரணும்.

1 டிவைஸ் பெக்கேஜை மாத்தி மாத்தி பாவிக்கலாமா? லெப்டொப்ல ஹொட்ஸ்பொட் போட்டு மத்தவங்களுக்குக் கொடுக்கலாமா? குட்டி டிராவல் ரவுட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போனா சரிவருமா? ரோமிங்ல போனா எவ்வளவு ஆபத்து? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

நானுஓயா கேபிள் எழுதியது:

அண்ணே, பெரும்பாலான கப்பல்ல "1 டிவைஸ்"னா ஒரு நேரத்துக்கு ஒரு டிவைஸ். உங்க ஆறு சாமான்ல எதுல வேணும்னாலும் உள்ளே போகலாம், ஆனா ஒண்ணு வெளியே வந்த பிறகுதான் மத்தது போக முடியும். இதுக்கு விதிவிலக்கு உண்டு. சில மலிவு பெக்கேஜ் முதல்ல லொகின் ஆன போனோடயே ஒட்டிக்கிடும். வாங்குற பக்கத்துல "டிவைஸ் மாத்தலாம்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி காசு கட்ட முந்தி எழுதிக் கேளுங்க.

இது எப்படி நடக்குதுன்னு விளங்கினா பாதி சிக்கல் தீரும். கப்பல் வைஃபைக்கு வழக்கமா பாஸ்வேர்ட் இருக்காது. யாரு வேணும்னாலும் இணையலாம், ஆனா இன்டர்நெட் கதவு பூட்டியிருக்கும். ஒரு லொகின் பக்கம் வரும். அதுல கெபின் நம்பர், கடைசிப் பெயர், பிறந்த தேதி மாதிரி விவரம் கேட்கும். கொடுத்ததும் உங்க டிவைஸோட மெக் முகவரியை (ஒவ்வொரு டிவைஸும் வைஃபையில காட்டுற அடையாள எண்) அந்தக் கணக்குல பதிஞ்சு கதவைத் திறக்கும். தோட்டத்துல ஆள் பேர் பதியுற செக்ரோல்ல பேர் விழுந்த மாதிரின்னு வைங்க. மலையை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனாலும் பேர் அப்படியே இருக்கும், அழிச்சாத்தான் போகும்.

ஆளுங்க மாட்டுறதே இங்கதான். போன்ல வைஃபையை ஓஃப் பண்ணினா லொக்அவுட் ஆயிட்டதா நினைக்கிறாங்க. ஆகல. பெக்கேஜ்ல இருக்கிற அந்த ஒரு இடம் இன்னும் அந்தப் போன் பேர்லதான் இருக்கு. அடுத்த போன்ல லொகின் பண்ணினா "அளவு முடிந்தது"ன்னு வரும். ஒழுங்கான முறை இது:

முதல் போன்ல லொகின் ஆனதும் அந்தப் பக்கத்தோட முகவரியை குரோம்லயோ சஃபாரியிலயோ புக்மார்க் பண்ணுங்க. தானா வர்ற சின்னப் பொப்அப் ஜன்னலை நம்பாதீங்க, அதை மூடினா திரும்பத் தேடுறது கஷ்டம். மாத்தும்போது அதே போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்து டிஸ்கனெக்ட் அல்லது லொக்அவுட்டை அழுத்துங்க. "இணைப்பு துண்டிக்கப்பட்டது"ன்னு வர்ற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் அடுத்த டிவைஸ்ல லொகின்.

முதல் போன் சார்ஜ் செத்துக் கிடந்தா? பல கப்பல்ல புது டிவைஸ்ல லொகின் பண்ணும்போதே "பழையதை நீக்கவா"ன்னு கேட்கும். கேட்காட்டி பயணிகள் சேவை மேசைக்குப் போய் கெபின் நம்பரைச் சொன்னா அவங்க நீக்கி விடுவாங்க. வரிசை நீளமா இருக்கும், அதனால சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே விடாதீங்க.

அடுத்தது மெக் முகவரி. இப்ப வர்ற ஐபோன், அன்ட்ரொய்ட் ரெண்டுமே வைஃபைக்கு உண்மையான மெக்கைக் காட்டாம ஒரு பொய் முகவரியைக் காட்டும். அது நடுவுல மாறினா கப்பல் உங்க போனைப் புது டிவைஸா எடுத்துக்கிட்டு இன்னொரு இடத்தைக் கேட்கும். ஐபோன்ல வைஃபை பேருக்குப் பக்கத்துல இருக்கிற "i" அடையாளத்தைத் தொட்டு பிரைவேட் அட்ரஸை "ஃபிக்ஸ்ட்" ஆக்குங்க. பழைய ஐஓஎஸ்னா அந்த சுவிட்சை ஓஃப் பண்ணுங்க. அன்ட்ரொய்ட்ல அந்த வைஃபையோட பிரைவசி பகுதியில "ஃபோன் மெக்"னு இருக்கும், சில போன்ல "டிவைஸ் மெக்". லொகின் பண்ண முந்தி இதை மாத்தணும். லொகின் ஆன பிறகு மாத்தினா அதுவே புது டிவைஸ் ஆயிடும்.

லொகின் பக்கமே வராட்டி மூணு காரணம் பாருங்க. வீபீஎன் ஓன்ல இருக்கும். அன்ட்ரொய்ட்ல விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட பிரைவேட் டீஎன்எஸ் இருக்கும், அதை "ஓட்டோமெட்டிக்" ஆக்குங்க. ஐபோன்ல ஐகிளவுட் பிரைவேட் ரிலே இருக்கும். மூணையும் நிறுத்தியும் வராட்டி பிரவுசர்ல நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம்னு (neverssl.com) அடிங்க. அந்தத் தளத்துல பூட்டு போட்ட இணைப்பு இல்லாததால கப்பல் பிணையம் அதை மறிச்சு லொகின் பக்கத்தைக் காட்டிடும்.

பெயர் விஷயத்தையும் சொல்லியாகணும். நம்ம ஆளுங்க பாஸ்போட்ல அப்பா பெயர் ஒரு பெட்டியில, சொந்தப் பெயர் இன்னொரு பெட்டியில இருக்கும். டிக்கெட் போட்டவர் எதைக் கடைசிப் பெயரா அடிச்சாரோ அதைத்தான் லொகின் பக்கம் கேட்கும். கப்பல் ஏறும்போது தர்ற அட்டையில அச்சடிச்சிருக்கிற எழுத்தை அப்படியே பார்த்து அடிங்க. ஒரு "h" கூடினாலும் உள்ளே விடாது.

---

மஸ்கெலியாக்காரி எழுதியது:

கேபிள் தம்பி சொன்னது சரி. ஆனா டிவைஸை எண்ண முந்தி வேலையை எண்ணணும். ஆறு சாமானுக்கும் இன்டர்நெட் வேணும்னு இல்லையே.

கடை வட்ஸ்அப்புக்குத் தனி இடம் வேணாம் அண்ணா. வட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸ்னு ஒரு வசதி இருக்கு. ஒரு கணக்கை முதன்மைப் போனைத் தவிர இன்னும் 4 டிவைஸ்ல திறந்து வைக்கலாம். அந்தப் போன் இன்டர்நெட் இல்லாம கிடந்தாலும் மத்தது வேலை செய்யும். போனை 14 நாளுக்கு மேல பாவிக்காம விட்டாத்தான் மத்தது தானா லொக்அவுட் ஆகும். உங்களுக்கு 4 இரவுதான். அதனால கடைப் போனோட வட்ஸ்அப்பை லெப்டொப்புல இணைச்சு வச்சிட்டா, லெப்டொப் ஒண்ணு கப்பல் வைஃபையில இருந்தா ஓடர் எல்லாம் அதுலயே வரும். மனைவியோட கணக்கும் வேணும்னா அதை வேற பிரவுசர்ல திறங்க: ஒண்ணு குரோம்ல, ஒண்ணு எட்ஜ்ல. ஒரே இடத்துல ரெண்டு பேரோட வட்ஸ்அப் ஓடும்.

இதை வீட்டுலயே செய்துடுங்க. கியூஆர் ஸ்கேன் பண்ணுற நேரத்துல போனும் இன்டர்நெட்ல இருக்கணும். 1 டிவைஸ் பெக்கேஜ்ல ரெண்டையும் ஒரே நேரத்துல வைக்க முடியாது. கப்பல் ஏறின பிறகு செய்யப் பார்த்தா மாட்டிக்குவீங்க. இன்னொண்ணு, பயணம் முடியிற வரைக்கும் எந்தப் போன்லயும் வட்ஸ்அப்பை அழிச்சுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணாதீங்க. எஸ்எம்எஸ்ல கோட் கேட்கும், நடுக்கடல்ல அது வராது.

கப்பலுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தேடுறதுக்கும் பெக்கேஜ் வேணாம். கப்பல் நிறுவனத்தோட செயலி கப்பல் வைஃபையில இன்டர்நெட் இல்லாமலே ஓடும். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி நிரல், கணக்கு எல்லாம் அதுல இருக்கும். பல கப்பல்ல சட் வசதியும் உண்டு. சிலதுல இலவசம், சிலதுல சின்னக் கட்டணம். செயலியை ஊர்லயே டவுன்லோட் பண்ணி ஆறு பேரையும் பதிஞ்சிடுங்க.

இப்ப நேரம். சிங்கப்பூர் நம்மளை விட 2 மணி 30 நிமிஷம் முன்னாடி. கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடினா இலங்கை 6.30 வகுப்பு கப்பல்ல இரவு 9.00. சாப்பாட்டுக்கு ரெண்டு நேரம் இருந்தா முதல் நேரத்தை எடுங்க, பிள்ளை நிம்மதியா உட்காரும். அம்மா கோல் பேசுறதை கப்பல் நேரம் காலை 8.30க்கு மாத்த முடியுமா? தோட்டத்துல அப்ப 6.00. காலையில பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போக முந்தி சித்தி கையில போன் இருக்கும். அப்படி மாத்தினா 1 டிவைஸே போதும். ரெண்டும் இரவுலதான் வேணும்னா 2 டிவைஸ்.

4 டிவைஸ் பெக்கேஜ் ஒரு டிவைஸ் கணக்குல பார்த்தா மலிவாத்தான் தெரியும். உதாரணத்துக்கு நாளுக்கு 1 டிவைஸ் 20 டொலர், 2 டிவைஸ் 36, 4 டிவைஸ் 60னு வைங்க. 60ஐ 4ஆல் வகுத்தா 15, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே நேரத்துல நாலு பேர் இருக்காட்டி 2 டிவைஸை விட 24 டொலர் தேவையில்லாமத் தினமும் கட்டுறீங்க. நாளை எப்படி எண்ணுறாங்கன்னும் பாருங்க: 4 இரவுக்கு சிலர் 4 நாள் போடுவாங்க, சிலர் 5. வழக்கமா பயணத்துக்கு முந்தி ஒன்லைன்ல வாங்குற விலை கப்பல்ல வாங்குறதை விடக் குறைவு. முந்தியே வாங்கினா கார்ட் ஓடீபீயும் ஹட்டன்ல இருக்கும்போதே வந்துடும்.

---

ரதல்லை 2ஜி எழுதியது:

அக்கா சொன்னதோட ஒண்ணைச் சேர்க்கிறேன். எத்தனை டிவைஸ்ங்கிறதை விட எந்தத் தரம்ங்கிறது முக்கியம். பல கப்பல்ல மலிவுத் தரம்னா மெசேஜ், சோஷல் மீடியா மட்டும்தான். அதுல வட்ஸ்அப் எழுத்து போகும், வீடியோ கோலும் ஸூமும் போகாது. உங்களுக்கு வீடியோ கோல் அனுமதிக்கிற மேல்தரம் வேணும். மலிவுத் தரத்துல 4 டிவைஸ் எடுக்கிறதுக்குப் பதிலா மேல்தரத்துல 1 அல்லது 2 எடுக்கிறதுதான் சரி.

இனி ஹொட்ஸ்பொட்.

விண்டோஸ் லெப்டொப்: செட்டிங்ஸ், நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், மொபைல் ஹொட்ஸ்பொட். பகிரும் இணைப்பு வைஃபை, பகிரும் வழியும் வைஃபை. 8 டிவைஸ் வரைக்கும் இணையும். முதல்ல லெப்டொப்ல கப்பல் லொகினை முடிங்க, பிறகு ஹொட்ஸ்பொட்டை ஓன் பண்ணுங்க. அதுக்குள்ள இருக்கிற பவர் சேவிங் சுவிட்சை ஓஃப் பண்ணணும். இல்லாட்டி யாரும் இணையாத நேரத்துல தானா நின்னுடும். லெப்டொப் தூங்கப் போனாலும் எல்லாருக்கும் போச்சு, அதனால ஸ்லீப் நேரத்தை "நெவர்" ஆக்குங்க. "ஹொட்ஸ்பொட் அமைக்க முடியவில்லை"ன்னு வந்தா பெரும்பாலும் வைஃபை டிரைவர் பழசு. அதை ஊர்லயே புதுப்பிச்சுப் பாருங்க.

வேகம் குறையிறதுக்குக் காரணம் இருக்கு. லெப்டொப்ல இருக்கிறது ஒரே வைஃபை ரேடியோ. கப்பலோடயும் பேசணும், உங்க போன்களோடயும் பேசணும். பெரும்பாலும் ஒரே செனல்ல நேரத்தைப் பங்கு போட்டுத்தான் ரெண்டையும் செய்யுது. கிட்டத்தட்ட பாதி போயிடும். அதோட லெப்டொப் கப்பலோட ஒரு வைஃபைப் பெட்டியில இருந்து இன்னொரு வைஃபைப் பெட்டிக்குத் தாவினா செனல் மாறி ஹொட்ஸ்பொட் அறுந்துடும். லெப்டொப்பைக் கெபின்ல ஒரே இடத்துல வைங்க. தூக்கிட்டு நடக்கிற வேலைக்கு இது ஒத்துவராது.

அன்ட்ரொய்ட்: சாம்சுங் போன் பலதுல மொபைல் ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள்ள "வைஃபை ஷெயரிங்" இருக்கு. அது இருந்தா வாங்குற வைஃபையையே திருப்பிக் கொடுக்கும். பிளைட் மோட்ல அந்தப் பட்டன் சில போன்ல மங்கிப்போகும். அப்படின்னா பிளைட் மோடை எடுத்துட்டு சிம் மெனேஜர்ல சிம்மை ஓஃப் பண்ணுங்க, இல்லாட்டி சிம்மைக் கழட்டிடுங்க. வைஃபை ஷெயரிங் இல்லாத போன்ல யூஎஸ்பீ டெதரிங் (கேபிள்ல இணைப்பைப் பகிர்றது) வழியா லெப்டொப்புக்கும், புளூடூத் டெதரிங் வழியா இன்னொரு போனுக்கும் கொடுக்கலாம். புளூடூத்ல வேகம் சொற்பம், எழுத்து மெசேஜுக்குப் போதும், வீடியோவுக்குப் போதாது.

ஐபோன்: பேர்சனல் ஹொட்ஸ்பொட் சிம் டேட்டாவை மட்டும்தான் பகிரும், வைஃபையைப் பகிராது. அதனால ஐபோன்ல லொகின் பண்ணிட்டு மத்தவங்களுக்குக் கொடுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க.

டிராவல் ரவுட்டர்: தொழில்நுட்பமா இது வேலை செய்யும். ரிப்பீட்டர் மோட்ல கப்பல் வைஃபையில இணைஞ்சு, அதன் வழியா ஒரு போன்ல லொகின் பண்ணினா ரவுட்டர்தான் அந்த ஒரு டிவைஸ். ஆனா நான் வாங்கச் சொல்ல மாட்டேன். தடைசெய்யப்பட்ட பொருள் பட்டியல்ல ரவுட்டர், செட்டலைட் டிஷ் ரெண்டையும் சேர்த்திருக்கிற கப்பல் நிறுவனங்கள் இருக்கு. ஏறுற இடத்துல பேக் ஸ்கேன்ல எடுத்து வச்சிடுவாங்க, இறங்கும்போதுதான் கிடைக்கும். பெரிய நிறுவன வைஃபைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் தன் இடத்துல புதுசா முளைக்கிற வைஃபை பேரையும் அடையாளம் காண முடியும். ஹொட்ஸ்பொட் வழியா வர்ற டேட்டாப் பொட்டலத்துல டிடிஎல்னு ஒரு எண் (இன்னும் எத்தனை கருவியைத் தாண்டலாம்ங்கிற கணக்கு) ஒண்ணு குறைஞ்சு இருக்கும், அதைப் பார்த்தே தடுக்கிற பிணையமும் உண்டு. ஹொட்ஸ்பொட் கூடாதுன்னு பெக்கேஜ் விதியில இருந்தா அதோட விட்டுடுங்க. லொகினை மாத்திப் பாவிக்கிறது அவங்களே தர்ற வழி, உங்க தேவைக்கு அது போதும்.

---

பதுளை ரோட் எழுதியது:

எல்லாரும் பெக்கேஜைப் பத்திப் பேசுறீங்க, காசு நிஜமா ஓடுற ஓட்டை வேற இடத்துல இருக்கு. அண்ணன் கேட்ட ரோமிங் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கப்பலுக்குள்ளயே சின்னச் சின்ன செல் டவர் இருக்கும். துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் போனதும் அதை ஓன் பண்ணுவாங்க. போன்ல "செல்லியுலர் அட் சீ" மாதிரி ஒரு பேர் விழும், சில போன்ல வெறும் 901னு தொடங்குற இலக்கம் விழும். 901ங்கிறது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேசப் பிணையத்துக்கான குறியீடு. அந்த டவர்ல இருந்து உங்க கோலும் டேட்டாவும் செட்டலைட் வழியாத்தான் போகும். சாதாரண ரோமிங் பெக்கேஜ்ல இந்தக் கடல் பிணையம் பெரும்பாலும் சேராது. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் ரோமிங் பெக்கேஜ் போட்டிருந்தாலும் நடுக்கடல்ல தனி விலை. போஸ்ட்பெய்ட் சிம்னா பில் வந்த பிறகுதான் தெரியும். ப்ரீபெய்ட்னா ரீலோட் பண்ணின காசு நொடியில காணாமப் போயிடும்.

வழி சிம்பிள். ஏறினதும் எல்லாப் போனும் பிளைட் மோட், பிறகு வைஃபையை மட்டும் ஓன். அப்பா அம்மா போனை நீங்களே கையில வாங்கி டேட்டா ரோமிங்கையும் ஓஃப் பண்ணுங்க. தெரியாம பிளைட் மோடை எடுத்துட்டாலும் டேட்டாவுக்கு ரெண்டாவது பூட்டு இருக்கும். வர்ற கோலை எடுத்தாலும் ரோமிங்ல காசு. அதை அவங்களுக்கு விளக்கிச் சொல்லிடுங்க, பழக்கத்துல எடுத்துடுவாங்க.

ஓடீபீ: பிளைட் மோட்ல எஸ்எம்எஸ் வழக்கமா வராது. கப்பல் வைஃபை வேகமா இருக்குன்னு அதை நம்பி இருக்காதீங்க. ஊரை விட்டுக் கிளம்ப முந்தி பேங்க்ல ஓடீபீயை ஈமெயிலுக்கும் அனுப்பச் சொல்லுங்க, இல்லாட்டி பேங்க் செயலிக்குள்ளயே அனுமதி கொடுக்கிற முறை இருக்கான்னு பாருங்க. எஸ்எம்எஸ் தவிர வழியே இல்லைன்னா பேங்க் வேலையைத் துறைமுகத்துல வச்சுக்கோங்க. பினாங்குல கப்பல் ஜோர்ஜ் டவுன் துறையில நிக்கும். அங்க டேட்டா ரோமிங் ஓஃப்லயே வச்சு பிளைட் மோடை எடுங்க. பிணையம் தேர்வை "மெனுவல்" ஆக்கி மெக்சிஸ், செல்கொம்டிஜி மாதிரி தரைப் பிணையத்தைத் தொடுங்க. ஊர் சிம்மில ரோமிங் திறந்திருந்தா எஸ்எம்எஸ் வந்துடும். ரோமிங்கைத் திறக்கிறதையும் இங்க இருக்கும்போதே செய்யணும். கப்பலுக்குள்ள செலவு எல்லாம் கெபின் அட்டையில ஏறுறதால ஓடீபீ அடிக்கடி தேவைப்படாது.

புக்கெட்ல இன்னொரு பொறி இருக்கு, பணத்தை விட மோசமானது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட 1 மணி நேரம் பின்னாடி. கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே இருந்துட்டா, கரையில தாய் பிணையத்தைப் பிடிச்ச போன் தானா ஒரு மணி நேரம் பின்னால போயிடும். கப்பல் நேரம் 5.00க்கு ஏறணும்னா போன்ல அப்ப 4.00தான் காட்டும், "இன்னும் நேரம் இருக்கு"ன்னு கடைத்தெருவுல நிப்பீங்க. கப்பல்ல இருந்து இறங்க முந்தி ஓட்டோமெட்டிக் டைமை ஓஃப் பண்ணி கப்பல் நேரத்தைக் கையால வைங்க. நாலு போன்லயும். அப்பா கையில பழைய கடிகாரம் கட்டியிருந்தா இன்னும் நல்லது, அது எந்த டவரையும் கேட்காது.

---

நானுஓயா கேபிள் எழுதியது:

ஸூம் வகுப்பு நிக்குமா நிக்காதாங்கிறதுக்கு ஒரு கணக்கு சொல்றேன்.

பழைய முறை கப்பல் பேசுற செட்டலைட் பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. நீங்க பேசினது மேல போய் கீழ வர கிட்டத்தட்ட 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்துலயே கால் செக்கன் ஆகும். ஆசிரியரோட பதில் வர இன்னொரு கால் செக்கன். நடுவுல இருக்கிற கருவிகளையும் சேர்த்தா 0.6 செக்கன் வரைக்கும் போகும். அதுல பாடம் கேட்கலாம், ஆனா கேள்வி கேட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்குவீங்க. ஸ்டார்லிங்க் வச்ச கப்பல்ல செட்டலைட் சுமார் 550 கிலோமீட்டர்லதான் பறக்குது, தாமதம் அதுல ஒரு சின்னப் பங்கு. 2022க்குப் பிறகு பெரிய கப்பல் நிறுவனங்கள் பலது இதுக்கு மாறியிருக்கு. புக்கிங் பண்ணுற இடத்துல உங்க கப்பல்ல எது இருக்குன்னு கேளுங்க. வகுப்பு இருக்கிறதால இது கேட்க வேண்டிய கேள்வி.

ஸூம் கேட்கிற வேகம் பெரிசில்லை. தெளிவான வீடியோவுக்கு செக்கனுக்கு 600 கிலோபிட், எச்டீக்கு 1.2 மெகாபிட், குரல் மட்டும்னா 60 முதல் 80 கிலோபிட். மகளோட கெமராவை ஓஃப் பண்ணி, ஸூம் செட்டிங்ஸ்ல எச்டீயையும் எடுத்துடுங்க. பிரச்சினை வேகம் இல்லை, நெரிசல். கடல்லயே ஓடுற நாள்ல இரவு 9.00 மணிக்கு ஆயிரக்கணக்கான பேர் ஒரே குழாயில நிப்பாங்க. எல்லாரும் கரையில இறங்கின நேரத்துலயும் விடியக்காலையிலயும் நல்லா ஓடும். வகுப்பு நாள் எந்த நாள்னு பயண நிரல்ல பாருங்க. ஆசிரியர் பாடத்தைப் பதிவு பண்ணி அனுப்புவார்னா அதையும் கேட்டு வைங்க.

லெப்டொப்ல கப்பல் வைஃபையை "மீட்டர்ட் கனெக்ஷன்" ஆக்குங்க. இல்லாட்டி வகுப்பு நடக்கும்போது விண்டோஸ் அப்டேட் இறங்கத் தொடங்கிடும். போன்ல போட்டோ பெக்அப்பையும் ஓட்டோ அப்டேட்டையும் நிறுத்துங்க, ஐபோன்ல லோ டேட்டா மோட். புக்கெட்டுல எடுத்த 400 போட்டோ தானா மேலே ஏறிட்டிருந்தா அம்மாவோட முகம் சித்திக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரியும்.

வகுப்புக்கு எங்க உட்காருறதுன்னும் பாருங்க. கெபின் சுவர் இரும்பு. வைஃபைப் பெட்டி கொரிடோர்ல இருந்தா கதவுக்குக் கிட்ட மேசையை இழுத்துப் போடுங்க. பெல்கனி ஓரம்தான் மோசமான இடம். நம்ம ஊர்ல சிக்னல் தேடி வெளிய வந்து மேட்டுல ஏறுவோம், கப்பல்ல அதுக்கு நேர்மாறு, உள்ளே வரணும்.

---

நோர்வூட் தம்பி எழுதியது:

இதைப் படிக்கிறவங்க வீட்டுல கப்பல் வேலைக்குப் போற பிள்ளைங்க இருக்கலாம். பயணிகளுக்குச் சொல்ற இந்த பெக்கேஜ் பணியாளருக்குப் பொருந்தாது. அவங்களுக்கு வேற வைஃபை, வேற விலை, வேற லொகின். சில இடத்துல நாள் கணக்கு, சில இடத்துல எம்பீ கணக்கு. எம்பீ கணக்குல இருக்கிற பிள்ளைக்கு வீட்டுல இருந்து வீடியோ அனுப்பாதீங்க, குரல் மெசேஜ் போதும். அவங்க வட்ஸ்அப்ல மீடியா ஓட்டோ டவுன்லோடை ஓஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க. தெரிஞ்ச பணியாளர்கிட்ட பயணி லொகினைக் கொடுத்து உதவி செய்றதும் வேணாம். மாட்டினா போறது அந்தப் பிள்ளையோட வேலை.

---

ஹட்டன் மழை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேட்டுப் பார்த்தேன். நாம போற கப்பல்ல டிவைஸ் மாத்தலாம், ஹொட்ஸ்பொட் கூடாதுன்னு விதியில இருக்கு, ரவுட்டரும் தடைப் பட்டியல்ல இருக்கு. அதனால மேல்தரம், 2 டிவைஸ். ஒண்ணு லெப்டொப்: வகுப்பும் கடை வட்ஸ்அப்பும். மத்தது அம்மா போன்ல தொடங்கி தேவைக்கு மாத்திக்கிறோம். ரெண்டே கேள்வி. ரெண்டு கெபின்ல இருந்து ஒரே பெக்கேஜைப் பாவிக்கலாமா? ஆறு சாமானையும் சார்ஜ் பண்ண நம்ம மல்டி பிளக் எக்ஸ்டென்ஷன் கொண்டு போகலாமா?

---

ரதல்லை 2ஜி எழுதியது:

கெபின்: பெக்கேஜ் வாங்கினவரோட கணக்குல இருக்கும். அடுத்த கெபின்ல இருக்கிற போன்லயும் வாங்கினவரோட விவரத்தைக் கொடுத்துத்தான் உள்ளே போகணும். இது பல கப்பல்ல சரிவரும், ஆனா ஒவ்வொரு பயணியும் தன் பேர்லதான் வாங்கணும்னு வச்சிருக்கிற இடமும் இருக்கு. அதையும் எழுத்துல கேளுங்க. அனுமதின்னு வந்தா ஒரு விஷயம் யோசிங்க: அந்த விவரத்தை வச்சே சில கப்பல் செயலியில செலவுக் கணக்கையும் திறக்கலாம். பிள்ளைங்க போன்ல லொகினை நீங்களே செய்து கொடுங்க.

எக்ஸ்டென்ஷன்: கொண்டு போகாதீங்க. சேர்ஜ் புரொடெக்டர் (மின்சாரம் திடீர்னு எகிறினா தடுக்கிற பகுதி) உள்ள பிளக் கட்டை பல கப்பல்ல தடை. கப்பல் மின்சாரம் வீட்டு மின்சாரம் மாதிரி எர்த் பண்ணினது இல்லை, கோளாறு வந்தா அந்தக் கட்டை சூடாகித் தீப்பிடிக்கலாம். சேர்ஜ் பாதுகாப்பு இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷனையும் சில நிறுவனம் நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா நேரா சுவர்ல குத்துற 4 அல்லது 6 போர்ட் யூஎஸ்பீ சார்ஜர் ஒண்ணு, 65 வொட் இருந்தா லெப்டொப்பும் சேரும், லெப்டொப்புக்கு யூஎஸ்பீ-சீ சார்ஜிங் இருக்கணும். சொக்கட் கப்பலுக்குக் கப்பல் மாறும்: பலதுல அமெரிக்கத் தட்டைக் கால், ஐரோப்பிய ரெண்டு உருட்டுக் கால் ரெண்டும் இருக்கும். அதுல நம்ம மூணு சதுரக் கால் பிளக் போகாது. ரெண்டுக்கும் ஒவ்வொரு அடெப்டர் எடுங்க. பவர் பேங்கை விமானத்துல கைப்பையில வைங்க, பெட்டியில போடக்கூடாது.

---

மஸ்கெலியாக்காரி எழுதியது:

கிளம்ப ஒரு வாரத்துக்கு முந்தி வீட்டுல ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்க அண்ணா. நாலு போனையும் பிளைட் மோட்ல போட்டு வீட்டு வைஃபையை மட்டும் ஓன் பண்ணுங்க. கடைப் போனோட வைஃபையையும் நிறுத்திட்டு, வேற ஆள் போன்ல இருந்து கடை நம்பருக்கு மெசேஜ் போடச் சொல்லுங்க. லெப்டொப்ல வருதான்னு பாருங்க. வந்தா அதுலயே பதில் போடுங்க. பேங்க் செயலியைத் திறந்து ஒரு சின்னத் தொகை அனுப்பிப் பாருங்க, ஓடீபீ ஈமெயிலுக்கு வருதா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும். அம்மா கையில போனைக் கொடுத்து, பிளைட் மோட் படம் எங்க இருக்குன்னு காட்டி, சித்திக்கு அவங்களே கோல் போடட்டும். அந்த விமானப் படம் மேல இருக்கிற வரைக்கும் தைரியமாப் பேசலாம், அது இல்லாட்டி மகன்கிட்ட கொடுக்கணும்னு மட்டும் சொல்லி வைங்க.